‘ஸ்டார்விங்’ என்றால் பசியா, சாவா? – வாசகர் கேள்வி பதில்

‘ஸ்டார்வ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்த கடிதங்களையும், அதைத் தொட்டு மற்றப் பசிச் சொற்களைக் கேட்ட கடிதங்களையும் இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

ஐயா, என் அக்கா மகள் இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே ஒரு பாட்டி ‘ஐ ஆம் ஸ்டார்வ்ட்’ என்று சொல்ல, இவள் ஓடிப்போய் சூப் கொண்டுவந்திருக்கிறாள். பாட்டி கேட்டது கம்பளி! அகராதியைப் பார்த்தால் ‘பட்டினியால் சாதல்’ என்று போட்டிருக்கிறது. பசி, குளிர், சாவு: மூன்றில் எது சரி?
– வாசகி, விருதுநகர்

மூன்றும் சரி. மூன்றும் அந்தச் சொல்லின் வெவ்வேறு வயது.

பழைய ஆங்கிலத்தில் இது ‘ஸ்டெயோர்ஃபன்’. பொருள், வெறுமனே ‘சாதல்’. பசியால் செத்தாலும் வாள்பட்டுச் செத்தாலும் முதுமையில் செத்தாலும் இதே சொல்தான். ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் இன்றும் அந்தப் பொருள் மாறவில்லை. ஜெர்மனில் ‘ஷ்டெர்பன்’ என்றாலும் டச்சில் ‘ஸ்டெர்வன்’ என்றாலும் சாதல்தான். 14-ஆம் நூற்றாண்டில் சாசரின் கவிதைகளில் காதலர்கள் ‘ஸ்டெர்வ்’ ஆகிறார்கள் என்றால், சோறில்லாமல் கிடந்தார்கள் என்று படிக்கக் கூடாது. உயிரை விடுகிறார்கள் என்றே படிக்க வேண்டும். பழைய இலக்கியம் படிக்கிற மாணவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ‘விறைத்துப்போதல்’ என்ற கருத்து என்று மொழிநூலார் கொள்கிறார்கள். நமக்கு இது புரியாத விஷயமில்லை. குளிரில் கை விறைத்துவிட்டது என்கிறோம். செத்துக் கிடந்தவனையும் விறைத்துக் கிடந்தான் என்கிறோம்.

பிறகு ஏன் பொருள் சுருங்கியது? சாவைச் சொல்ல ‘டை’ என்ற வினை ஆங்கிலத்தில் பரவியது. வைக்கிங் குடியேறிகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் ‘டேயா’ இதன் பின்னால் இருக்கிறது. பொதுவான சாவை ‘டை’ எடுத்துக்கொண்டதும், பழைய சொல்லுக்குக் குறிப்பிட்ட சில சாவுகளே மிஞ்சின: பசியால் சாவது, குளிரால் சாவது. 16-ஆம் நூற்றாண்டுக்குள் பசி முன்னுக்கு வந்துவிட்டது. ஆனாலும் குளிர்ப் பொருள் உடனே மறையவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ‘ஸ்டார்வ்ட்’ ஆன பாம்பை மார்போடு அணைத்துச் சூடேற்றினால் அது நெஞ்சிலேயே கொத்தும் என்று ஒரு வசனம் வருகிறது. அது பசித்த பாம்பு அல்ல, குளிரில் மரத்துக் கிடக்கிற பாம்பு. சூடேற்றுகிறார்களே தவிர யாரும் அதற்கு இரை போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் குளிர்ப் பொருள் வட இங்கிலாந்துப் பேச்சில் தங்கிவிட்டது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் பழைய தலைமுறையினர் ‘ஸ்டார்வ்ட்’ என்றால் குளிர் தாங்கவில்லை என்று அர்த்தம். பசிக்கு லங்காஷயரில் வேறு சொல்லே உண்டு: ‘கிளெம்ட்’. மான்செஸ்டர் நெசவுத் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து எலிசபெத் கேஸ்கெல் 1848-இல் வெளியிட்ட ‘மேரி பார்ட்டன்’ நாவலில், இந்த ‘கிளெம்’ தென் இங்கிலாந்து வாசகர்களுக்குப் புரியாது என்று அடிக்குறிப்பே போட்டிருந்தார்கள். உங்கள் அக்கா மகள் அங்கே வேலை பார்க்கிற வரைக்கும் ‘ஸ்டார்வ்ட்’ என்று கேட்டால், முதலில் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாவைக் குறித்த இன்னொரு பழைய ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். ‘ஸ்வெல்டன்’ என்பதும் அன்று ‘சாதல்’தான். அது வெப்பத்தின் பக்கம் ஒதுங்கி, இன்று ‘ஸ்வெல்டரிங்’ என்று, புழுக்கத்தில் வெந்து போவதைச் சொல்கிறது. சாவு என்ற பொது வேலையை இழந்த இரண்டு வினைகளில் ஒன்று பசிக்கும் குளிருக்கும், மற்றது வெயிலுக்கும் போய்ச் சேர்ந்தது.

‘ஸ்டார்வேஷன்’ என்ற சொல்லையே ஓர் அரசியல்வாதிதான் உருவாக்கினார் என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

அப்படித்தான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களின் வணிகத்தையும் மீன்பிடிப்பையும் முடக்கும் மசோதா விவாதத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்து வழக்கறிஞரான ஹென்றி டண்டாஸ் அந்த விவாதத்தில் ‘ஸ்டார்வேஷன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கேட்டவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. ‘ஸ்டார்வேஷன் டண்டாஸ்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அவரே உருவாக்கினாரா, ஏற்கெனவே பேச்சில் இருந்ததைச் சபைக்குக் கொண்டுவந்தாரா என்பதைவிட, அவர் பெயரோடுதான் அது ஊரறிய ஆனது என்று சொல்வதே சரி.

விசித்திரமாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. ‘-ஏஷன்’ என்ற விகுதி லத்தீன் வழி வந்தது. லத்தீன், பிரெஞ்சு வேர்களோடுதான் சேரும். ‘ஸ்டார்வ்’ அசல் ஆங்கில வேர். இரண்டையும் முடிந்துபோட்டது அன்றைய படித்தவர் காதில் உறுத்தியது. இன்று யாருக்கும் உறுத்துவதில்லை. இதே டண்டாஸ்தான் 1793 முதல் 1801 வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை மேற்பார்வை செய்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார் என்பது நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய தகவல்.

டிராக்டர் சர்வீஸ் கையேட்டில் ‘ஃபியூயல் ஸ்டார்வேஷன்’ என்று ஒரு தலைப்பு. டேங்கில் டீசல் முக்கால்வாசி இருக்கிறதே, அப்புறம் என்ன ஸ்டார்வேஷன்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். டேங்க் காலியாகி நின்றால் அது ‘ஃபியூயல் எக்ஸாஸ்ஷன்’. டேங்கில் எண்ணெய் இருந்தும் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை என்றால்தான் ‘ஃபியூயல் ஸ்டார்வேஷன்’. விமான விபத்து விசாரணை அறிக்கைகளிலும் இந்த இரண்டையும் கறாராகப் பிரித்தே எழுதுவார்கள்.

உங்கள் வண்டி கொஞ்ச நேரம் ஓடி இழுவை குறைந்து நின்றுபோகிறதென்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது: எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு இறங்க விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. மூடி சரியாக இருந்தால் அடுத்தது ஃபில்டரும் அதன் அடியில் தண்ணீரும் கசடும் தேங்கும் கிண்ணமும். அதற்கடுத்து குழாய் இணைப்புகள். எண்ணெய் கசியாத மெல்லிய விரிசல்கூடக் காற்றை உறிஞ்சும். ஃபில்டரைக் கழற்றி மாட்டினால் கட்டாயம் ஏர் எடுக்க வேண்டும்: ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள், நுரையும் குமிழியும் நின்று எண்ணெய் மட்டும் சீராக வந்தபின் திருகை முடுக்குங்கள். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும்.

தச்சு வேலையிலும் ‘ஸ்டார்வ்ட் ஜாயின்ட்’ உண்டு. பசையை நிறையத் தடவிவிட்டு கிளாம்பை அளவு மீறி இறுக்கினால் பசையெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறிவிடும். காய்ந்த மரமாக இருந்தால் உறிஞ்சியும் விடும். பிறகு இணைப்பு விட்டுப்போகும்போது பார்த்தால் இரண்டு பக்கமும் மரம் வெறுமையாக இருக்கும், பசையின் படலமே தெரியாது. கணினியில், முன்னுரிமை குறைந்த ஒரு வேலைக்குப் பிராசசர் முறையே வராமல் போவதும் ‘ஸ்டார்வேஷன்’; காத்திருக்கும் நேரம் கூடக் கூட முன்னுரிமையையும் உயர்த்துவதுதான் அதற்கு வழக்கமான வைத்தியம்.

இந்த மூன்றிலும் பொருள் ஒன்றே: இருக்கிறது, வந்து சேரவில்லை. மனிதர்களின் பட்டினியைப் பற்றி அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூல் தொடங்குவதும் இதே இடத்தில்தான். ‘ஸ்டார்வேஷன்’ என்பது சிலருக்குச் சாப்பிடப் போதிய உணவு கிடைக்காத நிலை. நாட்டில் போதிய உணவு இல்லாத நிலை அல்ல என்பது அவர் முதலிலேயே வைக்கும் வரையறை. அடுத்த கேள்வியும் இதைத்தான் தொடுகிறது.

‘ஃபேமின்’ என்று ஓர் அரசு எப்போது அறிவிக்கிறது? எத்தனை பேர் பட்டினி கிடந்தால் அது ஃபேமின்?
– வாசகர், தூத்துக்குடி

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் ‘ஃபாமெஸ்’ என்றால் பசி. அது பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு ‘ஃபேமின்’ என்று வந்தது. ‘ஃபேமிஷ்ட்’ இதன் உடன்பிறப்பு. புகழைக் குறிக்கும் ‘ஃபேம்’ இந்த வீட்டுப் பிள்ளை அல்ல. அது ‘பேச்சு’ என்ற பொருளுள்ள ‘ஃபாமா’விலிருந்து வந்தது.

இன்று ஐ.நா. அமைப்புகளும் நிவாரண நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டுள்ள அளவுகோலின் பெயர் ஐ.பி.சி. உணவு நெருக்கடியை அது ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது. ஐந்தாவதுதான் ஃபேமின். ஒரு பகுதியை அப்படி வகைப்படுத்த மூன்று அளவுகளைப் பார்க்கிறார்கள்: குறைந்தது 20 விழுக்காடு குடும்பங்களுக்கு உணவு அறவே எட்டாத நிலை, குழந்தைகளில் குறைந்தது 30 விழுக்காட்டினருக்குக் கடும் ஊட்டக்குறைவு, 10,000 பேருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 2 பேர் பசியாலோ, ஊட்டக்குறைவோடு நோயும் சேர்ந்தோ இறப்பது. 2011-இல் சோமாலியாவின் சில பகுதிகளும், 2017-இல் தெற்கு சூடானின் சில பகுதிகளும், 2024-இல் சூடானின் ஸம்ஸம் முகாமும் இப்படி வகைப்படுத்தப்பட்டன. இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும்: ஃபேமின் என்ற சொல் வரும்போது சாவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நான்காம் கட்டத்திலேயே, ‘எமர்ஜென்சி’ என்று சொல்லும்போதே, கப்பல் கிளம்பியிருக்க வேண்டும். ஐந்துக்காகக் காத்திருப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

எதைப் பஞ்சம் என்பது என்ற வழக்கு நம் மண்ணிலும் நடந்தது. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தை, அது பிறந்த தமிழ் ஆண்டின் பெயரால், நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு காய்கறியும் பருப்பு போன்ற புரதமும் வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னதே சரி. வெறும் தானியத்தில் உடலுக்கு வேண்டிய மற்றச் சத்துகள் கிடைக்காது. 450 கிராம், மண் சுமக்கிற ஆளின் அன்றாடச் செலவுக்குக்கூட எட்டாது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த ஃபேமின் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. தொடர்ந்து ஃபேமின் கோடு என்ற நிவாரண விதித்தொகுப்புகள் வந்தன. அவற்றில் பஞ்சத்தை நெருங்கும் நிலைகளுக்கு ‘ஸ்கேர்சிட்டி’ என்ற தனிச் சொல் வைத்தார்கள். சொல்லைப் பொறுத்து அரசின் கடமை மாறும் என்பதால் எந்தச் சொல் என்பது முக்கியமானது. விடுதலைக்குப் பிறகு மகாராஷ்டிரம் 1963-இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலச் சட்டங்களிலிருந்து ‘ஃபேமின்’ என்ற சொல்லையே நீக்கி ‘ஸ்கேர்சிட்டி’ என்று மாற்றியது. சட்டத்தின் பெயரே ‘ஃபேமின் என்ற சொல்லை நீக்கும் சட்டம்’. நிவாரணத்துக்கு உரிமை கேட்கிறவருக்குச் சொல்லும் ஒரு பிடி. அதை எடுத்துவிடுவது வெறும் எழுத்துத் திருத்தம் ஆகாது.

‘வெரி ஸ்டார்விங்’ என்று எழுதிய மாணவிக்கு மதிப்பெண் குறைத்தேன். பெற்றோர் காரணம் கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?
– ஆங்கில ஆசிரியை, நாகர்கோவில்

குறைத்தது சரியே. ‘ஹங்ரி’ கூடக் குறையக் கூடிய அடை. அதற்கு ‘வெரி’ சேரும். ‘ஸ்டார்விங்’, ‘ஃபேமிஷ்ட்’, ‘ராவெனஸ்’ ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. அவற்றோடு ‘வெரி’ ஒட்டாது, ‘அப்ஸல்யூட்லி’ ஒட்டும். ‘பெக்கிஷ்’ என்பது லேசான பசி. பறவை கொத்துவதைச் சொல்லும் ‘பெக்’கிலிருந்து வந்தது, பிரிட்டிஷ் வழக்கு. பேச்சில் ‘ஐ ஆம் ஸ்டார்விங்’ என்பதில் தப்பே இல்லை, நாம் ‘பசியில உயிர் போகுது’ என்பதைப் போன்றது. ஆனால் அறிக்கையிலும் செய்தியிலும் ‘சில்ட்ரன் ஆர் ஸ்டார்விங்’ என்று எழுதினால், உயிருக்கு ஆபத்தான பட்டினி என்று பொருளாகும். ஒரு வேளை உணவு தவறுகிற நிலைக்கு ‘கோயிங் ஹங்ரி’ என்பதே சரி.

நம் பிள்ளைகளிடம் அதிகம் காணும் பிழை ‘ஐ ஆம் ஹங்கர்’. காரணம் தமிழ். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் ‘பசி’ என்ற பெயர்ச்சொல் உள்ளே இருப்பதாக மனம் எண்ணி, அதை அப்படியே கொண்டுபோய் வைக்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘எனக்குப் பசி இருக்கிறது’ என்று பெயர்ச்சொல்லாகவே சொல்வார்கள். ஆங்கிலம்தான் இங்கே அடைச்சொல் கேட்கிறது. ‘ஐ ஆம் டயர்ட்’, ‘ஐ ஆம் ஹேப்பி’, ‘ஐ ஆம் ஹங்ரி’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கினால் சீக்கிரம் படியும்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிக்கொடுங்கள். நிதி கிடைக்காமல் தவிப்பதற்குப் பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்டார்வ்ட் ஆஃப்’, அமெரிக்க வழக்கில் ‘ஸ்டார்வ்ட் ஃபார்’. ரத்தப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் வயிற்றைக் காலியாக வைப்பது ‘ஃபாஸ்டிங்’. அதை ‘ஸ்டார்விங்’ என்று சொல்லக் கூடாது. தானாக விரும்பி இருப்பது ‘ஃபாஸ்ட்’, கிடைக்காமல் இருப்பது ‘ஸ்டார்வ்’. கோரிக்கைக்காக இருப்பது ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’: லாகூர் சிறையில் 63 நாள் இருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர் துறந்த ஜதீந்திரநாத் தாஸ் இருந்தது அதுவே.

சளிக்குச் சாப்பாடு போடு, காய்ச்சலைப் பட்டினி போடு என்று ஓர் ஆங்கிலப் பழமொழி இருக்கிறதே? நம் ‘லங்கணம் பரம ஔஷத’மும் அதுவேதானா?
– வாசகர், காரைக்குடி

கருத்து ஒன்றே. ஆங்கிலப் பழமொழியில் ‘ஸ்டார்வ்’ என்பது ‘சாதல்’ என்ற பழம்பொருளில் வருகிறது, ‘சளியில் தின்றால் காய்ச்சலில் சாவாய்’ என்பதே அதன் கருத்து என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அந்த வடிவத்தில் பழமொழி 19-ஆம் நூற்றாண்டில்தான் வழங்கியது. அப்போது பழம்பொருள் பொது ஆங்கிலத்திலிருந்து போய் நெடுநாள் ஆகியிருந்தது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் எரிசக்திச் செலவு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. ஆகவே காய்ச்சலில் வேண்டுமென்றே பட்டினி போடக் கூடாது. பசியில்லாதவரைத் திணித்துச் சாப்பிட வைக்கவும் வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், இளநீர், ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வரவில்லை என்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் காய்ச்சலென்று பாலை நிறுத்தவே கூடாது.

‘ராவெனஸ்’ என்பது ‘ரெய்வன்’ என்ற அண்டங்காக்கையிலிருந்து வந்ததுதானே? காக்கை எதையும் விழுங்குமே!
– வாசகி, மதுரை

எழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் வரும் மயக்கம். உறவு கிடையாது.

காக்கையின் பெயர் அசல் ஆங்கிலச் சொல். பழைய வடிவம் ‘ஹ்ராஃப்ன்’. ‘ராவெனஸ்’ பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘ரபீனா’விலிருந்து வந்தது, பொருள், பறித்தல், கொள்ளை. முதலில் அது கொள்ளையடிக்கிற, வாரிச் சுருட்டுகிற குணத்தைச் சொன்னது. பிறகுதான் பாய்ந்து தின்கிற பசியைச் சொன்னது. வெள்ளம் அரித்துக்கொண்டுபோன பள்ளத்தாக்கைச் சொல்லும் ‘ரவீன்’ இதன் நெருங்கிய உறவு.

இப்படிப்பட்ட உறவுகளை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரிய அகராதியில் இரண்டு சொல்லுக்கும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எடுங்கள். இன்றைய எழுத்துக்கூட்டை நம்பாதீர்கள். இரண்டும் எந்த மொழியிலிருந்து வந்தன என்று பாருங்கள். பிறகு ஆண்டு போட்ட மேற்கோள்களில் முதற்பொருள் என்ன என்று பாருங்கள். ராவெனஸின் பழைய மேற்கோள்கள் கொள்ளையைப் பேசுகின்றன, காக்கையைப் பேசவில்லை. உச்சரிப்பே ஒரு துப்பு: காக்கையின் பெயரில் முதல் உயிர் ‘ரெய்ன்’ என்ற மழைச் சொல்லில் உள்ளது; ராவெனஸில் வருவது ‘ஆப்பிள்’ என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது வரும் முதல் ஒலி.

‘புலிமியா’ என்று டாக்டர் எழுதியிருந்தார். புலிப்பசி என்று அர்த்தமா?
– வாசகி, சேலம்

புலி இல்லை, எருது. கிரேக்கத்தில் ‘பூஸ்’ எருது, ‘லீமோஸ்’ பசி. ‘பூலீமியா’ எருதுப் பசி. கி.மு. 401–400 குளிர்காலத்தில் ஆர்மீனியப் பனியில் பின்வாங்கிய கிரேக்கக் கூலிப்படையில் வீரர்கள் நடக்க நடக்கச் சுருண்டு விழுந்தார்கள். அவர்களோடு இருந்த செனஃபோனுக்கு என்ன நோயென்று புரியவில்லை. அனுபவமுள்ள ஒருவர், இது பூலீமியா, எதையாவது தின்னக் கொடுத்தால் எழுந்துவிடுவார்கள் என்றார். பொதி விலங்குகளின் மேல் இருந்ததை எடுத்துக் கொடுக்கவும், எழுந்து நடந்தார்கள். ஆக, அன்று அது பசிமயக்கத்தின் பெயர்.

கைரோனியா என்ற கிரேக்க ஊரில் இந்தப் பசியை ஊரைவிட்டு ஓட்டும் சடங்கே இருந்ததாகப் பழங்கால எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். ஓர் அடிமையை நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்த செடியின் மிலாறுகளால் அடித்து, ‘பசி வெளியே, செல்வமும் நலமும் உள்ளே’ என்று சொல்லிக் கதவுக்கு வெளியே துரத்துவார்கள். பசியை ஓட்டுவதற்கு அடி வாங்கியவர், வீட்டிலேயே பசி அதிகம் தெரிந்த மனிதராக இருந்திருப்பார் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம்மிடமும் விலங்கின் பெயரால் ஒரு பசிநோய் உண்டு: மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த யானைத்தீ. எவ்வளவு உண்டாலும் அடங்காத அந்த நோய், அமுதசுரபியின் உணவில்தான் தீர்ந்தது.

ஆனால் உங்கள் சீட்டில் உள்ளது இவை எதுவும் அல்ல. ‘புலிமியா நெர்வோசா’ 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்த மனநலக் கோளாறு. குறுகிய நேரத்தில் கட்டுப்பாடின்றி நிறைய உண்பதும், பிறகு எடை கூடுமோ என்ற அச்சத்தில் வாந்தி, பேதி மருந்து, கடும் பட்டினி, அளவு மீறிய உடற்பயிற்சி என்று ஈடுகட்டுவதும் வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் நீடித்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அடிக்கடி வாந்தியெடுப்பதால் பல் எனாமல் அரிக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. கண்டித்துத் திருத்துகிற விஷயம் இல்லை. சர்க்கரை நோயில் வரும் அதிகப் பசி வேறு; அதன் பெயர் ‘பாலிஃபேஜியா’.

‘ஹேங்க்ரி’ அகராதிச் சொல்லா?
– பள்ளி மாணவர், கோவை

ஆம். ஹங்ரியும் ஆங்ரியும் கலந்தது. 1956-லேயே பதிவாகியிருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2018 ஜனவரியில் சேர்த்துக்கொண்டது. பேச்சுவழக்குச் சொல் என்பதால் தேர்வுக் கட்டுரையில் வேண்டாம்.

சிறுகுடலின் நடுப்பகுதிக்கு ‘ஜெஜுனம்’ என்று பெயர் வந்தது எப்படி? மனப்பாடம் செய்ய ஏதாவது வழி?
– நர்சிங் மாணவி, திருச்சி

லத்தீனில் ‘ஜெஜூனஸ்’ என்றால் வெறும் வயிற்றோடு இருப்பது. பழங்காலத்தில் இறந்த உடலை அறுத்துப் பார்த்தவர்கள் குடலின் இந்தப் பகுதி எப்போதும் காலியாக இருப்பதைக் கண்டார்கள். கிரேக்கர்கள் ‘நேஸ்டிஸ்’, உண்ணாதது, என்றார்கள். லத்தீன் அதை மொழிபெயர்த்துக்கொண்டது. நம் பாடநூல்கள் நடுச்சிறுகுடல் என்கின்றன.

மனப்பாடத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி டியோடினம். அந்தப் பெயரில் இருப்பது பன்னிரண்டு என்ற எண், பன்னிரண்டு விரலகல நீளம் என்று பொருள், சுமார் 25 சென்டிமீட்டர். இரண்டாவது வெறுங்குடலான ஜெஜுனம். கடைசியில் இலியம்.

இதே ‘ஜெஜூனஸ்’ சாப்பாட்டு மேசைக்கும் வந்திருக்கிறது. ‘விரதம் முறித்தல்’ என்ற பொருளில் அதிலிருந்து பேச்சு லத்தீனில் ஒரு வினை உண்டாகி, பழைய பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்தில் ‘டைன்’, ‘டின்னர்’ என்று ஆனது. ஆகவே ‘டின்னர்’ பிறப்பால் காலைச் சாப்பாடு. ‘பிரேக்ஃபாஸ்ட்’ சொல்வதும் அதே விரத முறிப்பைத்தான், அசல் ஆங்கில வேர்களில். சாரமில்லாத எழுத்தையோ பேச்சையோ ‘ஜெஜூன்’ என்று விமர்சகர்கள் சொல்வதும் இந்த வேரிலிருந்துதான்.